வேஸ் போட்டு வந்துரு

மலேசியாவின் தெலுக் இந்தானிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. ஓரத்தில் மஞ்சள், மேலே பிள்ளையார், உள்ளே இரண்டு குடும்பத்துப் பெரியவர்களின் பெயர்கள், எல்லாம் வழக்கப்படி. மண்டபத்தின் முகவரிக்குக் கீழே மட்டும் இரண்டு கறுப்பு வெள்ளை கியூஆர் கட்டங்கள். ஒன்றின் அடியில் 'வேஸ்' என்றும் மற்றதன் அடியில் 'கூகுள் மேப்ஸ்' என்றும் போட்டிருந்தது; இரண்டும் போனில் வழி சொல்லும் செயலிகள். முன்பெல்லாம் அந்த இடத்தில் கையால் வரைந்த படம் இருக்கும். வளைந்த கோடு ஆறு, இரட்டைக் கோடு சாலை. ஊரின் சாய்ந்த கோபுரத்துக்கு ஒரு குட்டிப் படம், கோயிலுக்கு ஒரு முக்கோணம், கடைசியில் மண்டபத்தைக் காட்டி ஓர் அம்பு. அளவு, திசை எதுவும் சரியாக இருக்காது. யாரும் வழி தவறிச் சாப்பாட்டைத் தவறவிட்டதாகவும் நினைவில்லை.

மண்டபம் ஒன்றுதானே, கட்டம் இரண்டு எதற்கு? பத்திரிகை அடித்தவர் அனுபவசாலி. ஒன்றை மட்டும் போட்டால் பாதிப் பேர் "மத்தது இல்லையா?" என்று போன் அடிப்பார்கள். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் வேஸ் கட்சி. அக்காவின் கணவர், எங்கள் மச்சான், கூகுள் கட்சி. தீபாவளிக்குக் கூடும்போது அரசியலுக்கு முன்னால் இந்தச் சண்டைதான் வரும். ரப்பர்த் தோட்டத்தில் பால் லோரி ஓட்டிய அப்பா எந்தக் கட்சியிலும் சேராதவர். "அது என்னத்துக்குப் பேசிக்கிட்டே வருது?" என்பதோடு அவருடைய விமர்சனம் முடிந்துவிடும்.

டீயா காப்பியா என்பதுபோல இதையும் அவரவர் ருசி என்று விட்டுவிடலாம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், நாம் தேர்ந்தெடுத்ததாக நினைப்பதில் பெரும்பகுதி நமக்காக அடுத்த காரில் போகிறவர் தேர்ந்தெடுத்தது என்று தெரிகிறது. இன்னொரு வேடிக்கை, இந்த இரண்டு கட்சிக்கும் தலைமையகம் ஒன்று. 2013 ஜூனில் கூகுள் நிறுவனம் சுமார் 100 கோடி டாலர் கொடுத்து வேஸை வாங்கிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து, வேஸ் ஓட்டுநர்கள் தட்டிச் சொல்லும் விபத்துச் செய்திகள் கூகுள் படத்திலும் தெரிய ஆரம்பித்தன. அண்ணனும் மச்சானும் ஒரே வீட்டின் இரண்டு அடுப்புக்காகச் சண்டை போடுகிறார்கள்.

எங்கே வித்தியாசம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. 'வேஸ்தான் நம்மளை கரெக்டா புடிக்குது' என்று சொல்வார்கள். நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது வேஸும் அல்ல, கூகுளும் அல்ல. போனுக்குள் இருக்கும் ஒரு சில்லு. தலைக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் துணைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 'நான் இருக்கும் இடம் இது, இப்போது நேரம் இது' என்று ஓயாமல் ஒலிபரப்புகிறது. அது வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று துணைக்கோள் போதும் என்று தோன்றும். ஆனால் போனுக்குள் இருப்பது மலிவான கடிகாரம். அதன் பிழையைத் திருத்த நான்காவது ஒன்று வேண்டும். நேரம் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். ஐன்ஸ்டைனின் சார்பியல்படி துணைக்கோளின் கடிகாரம் நம்முடையதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடுகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் பிழை ஒரே நாளில் 11 கிலோமீட்டருக்கு மேல் சேர்ந்துவிடும். தெலுக் இந்தான் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் லங்காப்பில் நின்று மொய்க்கவரைத் தேடிக்கொண்டிருப்பார். இந்த வேலை முழுவதும் இரண்டு செயலிக்கும் பொது.

திறந்த வானத்தின் கீழ் நல்ல போன் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். எங்கள் பக்கத்தில் வானம் அவ்வளவு திறந்திருப்பதில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. முதிர்ந்த செம்பனையின் மட்டைகள் தோட்டத்துச் சாலைக்கு மேலே கைகோத்துக்கொண்டு நிற்கும். துணைக்கோளிலிருந்து வரும் அலை ஏற்கெனவே மிகப் பலவீனமானது. ஈர ஓலை அதை விழுங்கும், மரம் திருப்பியடிக்கும். புள்ளி பத்து இருபது மீட்டர் தள்ளாடும். செயலி அதை அப்படியே காட்டினால் கார் கானுக்குள், அதாவது வாய்க்காலுக்குள், ஓடுவதுபோல் தெரியும். அதனால் தன்னிடம் உள்ள படத்தில் பக்கத்தில் எந்தச் சாலை இருக்கிறதோ அதில் கொண்டுபோய் ஒட்டவைக்கும். தோட்டத்துச் செம்மண் சாலை படத்தில் இல்லையென்றால், நீங்கள் பெரிய சாலையில் போய்க்கொண்டிருப்பதாகச் செயலி மனதார நம்பிவிடும். வித்தியாசம் எட்டிப் பார்க்கும் முதல் இடம் இது. வானம் பொது என்றாலும் சாலைப் படம் பொது அல்ல.

சாலைப் படம் எங்கிருந்து வந்தது? 1882இல் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தெலுக் இந்தானுக்கு நகரப் படம் வரைந்தார். பினாங்கின் துணை ஆளுநராக இருந்த ஆன்சனின் பெயரை அப்போதுதான் ஊருக்கு வைத்தார்கள். சரியாக நூறு வருடம் கழித்து, 1982இல், 'இந்தான்' திரும்பி வந்தது. அப்பா இன்னும் 'தெலுக்கான்சன்' என்றுதான் சொல்வார். அந்தக் காலத்தில் படம் வரைவது அதிகாரியின் வேலை. வேஸின் கதை அதற்கு நேர்மாறு. 2006இல் இஸ்ரேலில் எஹுத் ஷப்தாய் என்ற மென்பொருள்காரர், தம்மிடம் இருந்த வழிகாட்டியில் ஊர்ப்படம் பழையதாகவே இருக்கிறதே என்று கடுப்பாகி, ஓட்டுகிறவர்களே வரையும் படத்தைத் தொடங்கினார். பெயர் 'ஃப்ரீமேப் இஸ்ரேல்'. 2008இல் அது நிறுவனமாகி, பின்னர் வேஸ் ஆனது. ஆரம்ப நாள்களில் படத்தில் இல்லாத சாலையில் யாராவது ஓட்டினால், பழைய பேக்மேன் விளையாட்டைப்போல அவருடைய வண்டி வழியில் உள்ள புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும், மதிப்பெண் ஏறும். விளையாடியவர் சாலை போட்டுக் கொடுத்துவிட்டார் என்பது அவருக்குப் பிறகுதான் தெரியும்.

இந்த யோசனை மலேசியாவுக்குப் புதிதல்ல. கார்மின் வழிகாட்டிக் கருவிகளைக் காரில் ஒட்டிவைத்துக்கொண்டு திரிந்த காலத்திலேயே, 'மால்ஃப்ரீமேப்ஸ்' என்று இங்கே ஒரு தன்னார்வக் கூட்டம் சாலைகளைத் தாங்களே ஓட்டிப் பதிந்து, படத்தை இலவசமாக விநியோகித்தது. காரில் வாழும் நாடு, டோல் கட்டி அலுத்த நாடு, பெருநாள் என்றால் பாதிப் பேர் சொந்த ஊருக்குக் கிளம்பும் நாடு. இப்படிப்பட்ட இடத்தில், முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குத் தகவல் சொல்லும் செயலி வேர் பிடித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. எதிரே வரும் லோரிக்காரர் விளக்கை இரண்டு முறை மின்னவிட்டால் முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். அந்தப் பழைய ஊமை மொழியைத்தான் வேஸ் போனுக்குள் கொண்டுவந்தது.

இனி கணக்கு. ஒரு சாலையில் இப்போது நெரிசலா என்று செயலிக்கு எப்படித் தெரியும்? அதே சாலையில் அதே செயலியோடு போகிறவர்களின் வேகத்தை வைத்துத்தான். எடுத்துக்காட்டுக்கு, பீடோர் சாலையில் மணிக்கு 600 கார் போகிறது, பத்தில் ஒருவர் செயலியைத் திறந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 சாட்சி, நிமிடத்துக்கு ஒருவர். முன்னால் ஒரு லோரி குடை சாய்ந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதே கணக்கைத் தோட்டத்துச் சாலைக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 6 வண்டி; செயலியோடு போகிறவர் ஒருவர்கூடத் தேறமாட்டார்.

சாட்சி குறைந்தால் பிழை ஏறும், அதுவும் ஓர் ஒழுங்கோடு. ஓட்டுநர்களின் வேகம் சராசரியிலிருந்து மணிக்கு 15 கிலோமீட்டர் அளவுக்கு முன்பின் இருக்கும் என்றால், ஒரே ஒருவரை வைத்துச் சொல்லும் மதிப்பில் அந்த 15ம் பிழையாக நிற்கும். 25 பேரை வைத்துச் சொன்னால் பிழை ஐந்தில் ஒன்றாக, 3 ஆக, இறங்கும். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் நம்பகத்தின் அளவு. அந்த ஒற்றைச் சாட்சி, பாதி வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மீன் பிடிக்க இறங்கிய ஆளாக இருந்தால் செயலிக்கு அது போக்குவரத்து நெரிசல்.

இதிலிருந்து வருவதுதான் நான் முதலில் சொன்ன விஷயம். எந்தச் செயலியை ஊரில் அதிகம் பேர் வைத்திருக்கிறார்களோ அது அந்த ஊரில் அதிகம் அறிந்திருக்கும். அதிகம் அறிந்திருப்பதால் இன்னும் சிலர் வருவார்கள். வந்ததால் இன்னும் அறியும். ஆரம்பத்தில் இருந்த சின்ன முன்னிலை உருண்டு உருண்டு பெரிதாகிவிடுகிறது. தோட்டத்தில் பத்து வீடு ஒரே கடையில் பற்று வைத்தால் அந்தக் கடையில்தான் சரக்கு புதிதாக இருக்கும். பிறகு பதினொன்றாவது வீடும் அங்கேதான் போகும். 'எனக்கு வேஸ்தான் பிடிக்கும்' என்று மலேசியர் ஒருவர் சொல்வதில், அவருடைய பக்கத்து வீட்டுக்காரரின் விருப்பமும் கலந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் மலிந்த பிறகு கூகுளுக்கும் சாட்சிகள் குவிந்துவிட்டார்கள். செயலியைத் திறக்காமல் சட்டைப்பையில் கிடக்கும் போனும், இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், தகவல் தரும். வேஸின் சாட்சிகள் பேசுகிறவர்கள். கூகுளின் சாட்சிகளில் பெரும்பாலோர் தாங்கள் சாட்சி என்பதே தெரியாதவர்கள்.

இந்த வேறுபாடு சித்ரா பௌர்ணமி அன்று கண்ணுக்குத் தெரியும். தெலுக் இந்தான் நகரத்தார் தண்டாயுதபாணி ஆலயத் திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டம் குவியும். தேர் வரும் தெருக்களை மூடிவிடுவார்கள். மூடிய தெருவில் கார் ஓடாது. கார் ஓடாவிட்டால் வேகத் தகவல் வராது. தகவல் வராததற்கு இரண்டு அர்த்தம் உண்டு: தெரு மூடியிருக்கிறது, அல்லது தெருவில் ஆளே இல்லை. வேகத்தை மட்டும் பார்த்து ஊகிக்கிற இயந்திரத்துக்கு இந்த இரண்டையும் பிரிப்பது கடினம். எப்போதும் பரபரப்பான தெரு திடீரென்று ஊமையானால் சந்தேகப்படலாம். எப்போதுமே ஊமையான தோட்டத்துச் சாலையில் மரம் விழுந்து கிடந்தாலும் சந்தேகம் வராது. அங்கே ஒரு மனிதர் விரலால் 'சாலை மூடல்' என்று தட்டினால் அந்த ஒரு தட்டு ஆயிரம் மௌனச் சாட்சிகளுக்குச் சமம்.

தேரோடு நடந்துபோகும் கூட்டம் இன்னொரு குழப்பம். ஒவ்வொரு பையிலும் ஒரு போன், எல்லாம் சாலைமேல், மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில். 2020இல் சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மன் கலைஞர் இதைத்தான் செய்து காட்டினார். 99 போன்களை ஒரு சின்னக் கைவண்டியில் அடுக்கி, பெர்லினின் வெறிச்சோடிய தெருக்களில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். அவர் போன தெருவெல்லாம் கூகுள் படத்தில் சிவப்பானது. பொறியாளர்கள் நடப்பவரையும் காரையும் மோட்டார் சைக்கிளையும் பிரித்தறிய எவ்வளவோ முயல்கிறார்கள். ஆனாலும் தேரும் நெரிசலும் எண்களுக்குள் இறங்கிவிட்டால் ஒரே சாயல்தான்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் கணக்குக்கு வருவோம். அதன் மூலம் டச்சுக்காரர் டைக்ஸ்ட்ரா. 1956இல், தாம் மணக்கவிருந்த பெண்ணோடு ஆம்ஸ்டர்டாமில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, களைத்துப்போய்க் காப்பி குடிக்க உட்கார்ந்தவர், தாளும் பேனாவும் இல்லாமல் 20 நிமிடத்தில் அதை யோசித்து முடித்தார், 1959இல் அச்சானது. புறப்பட்ட இடத்திலிருந்து மிகக் குறைந்த மொத்தச் செலவில் போகக்கூடிய அடுத்த சந்திப்பை எடுத்து எடுத்து விரிந்துகொண்டே போகும் முறை அது. 1968இல் அதற்கு ஒரு குறுக்குவழி வந்தது: இதுவரை ஆன செலவோடு, போகவேண்டிய இடத்துக்கு மிச்சமுள்ள நேர்கோட்டுத் தூரத்தையும் கூட்டி, அது குறைவாக உள்ள பக்கமாக முதலில் தேடு. தெலுக் இந்தானில் அந்தக் குறுக்குவழி கொஞ்சம் திணறும். 'தெலுக்' என்றால் வளைவு, விரிகுடா. பேராக் ஆறு இங்கே குதிரை லாடம்போல் வளைந்து ஓடுகிறது. அக்கரையில் நின்றால் ஊர் கண்ணெதிரே தெரியும். வந்து சேர, எதிர்த்திசையில் போய்ப் பாலத்தைப் பிடிக்க வேண்டும்.

கணக்கு எதுவானாலும் 'செலவு' என்று எதைக் கொள்வது என்பதுதான் இரண்டு செயலிக்கும் குணத்தைக் கொடுக்கிறது. இரண்டு நிமிடம் மிச்சம் என்றால் கம்போங் சந்துக்குள் நான்கு திருப்பம் திருப்பிவிடுவது வேஸின் சுபாவம் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். கூகுள் பெரிய சாலையை அவ்வளவு எளிதில் விடாது. 2021 முதல் எரிபொருள் குறைவாகும் வழியையும் சில நாடுகளில் காட்டத் தொடங்கியது. பெருநாள் சமயத்தில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டால், கிள்ளானிலிருந்து சபாக் பெர்ணம், ஊத்தான் மெலிந்தாங் வழியாக எங்கள் ஊருக்கு வரும் பழைய ஐந்தாம் எண் சாலையில் வெளியூர் நம்பர் பிளேட்டுகள் ஓடுவதைப் பார்க்கலாம். எல்லாருக்கும் ஒரே குறுக்குவழியைச் சொன்னால் அது எவ்வளவு நேரத்துக்குக் குறுக்குவழியாக இருக்கும்? அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லியோனியா என்ற சின்ன ஊர், செயலிகள் திருப்பிவிட்ட கார்கள் தாங்காமல், 2018 ஜனவரியில் தன் உள்தெருக்களை நெரிசல் நேரத்தில் வெளியாருக்கு மூடியே விட்டது.

நடைமுறை வேறுபாடுகளும் உண்டு, அவற்றை நீட்ட வேண்டியதில்லை. வேஸ் வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும். நடப்பவருக்கும் பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் அதில் இடமில்லை. இணையம் இல்லாத இடத்தில் புதிதாக வழி கேட்டால் அதற்குக் கை வராது. கூகுளில் 2015 கடைசியிலிருந்து, படத்தை முன்பே இறக்கிவைத்துக்கொண்டு இணையமில்லாமலே வழி கேட்கலாம். மச்சானுக்குச் செம்பனைக் காட்டுக்குள் வேலை; அங்கே அலைவரிசை ஒரு கோடு நின்றாலே பெரிது. அவர் கூகுள் கட்சி ஆனது கொள்கையால் அல்ல.

அண்ணனுக்கும் கொள்கை கிடையாது. 2017இல் வேஸ், வழி சொல்லும் குரலை நாமே பதிவுசெய்யும் வசதியைக் கொண்டுவந்தது. அண்ணன் மகள் அப்போது சின்னப் பிள்ளை. "அப்பா, அடுத்த ரைட்டு வளைங்கப்பா" என்று மழலையில் பதிந்து வைத்தாள். அவள் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டாள். காரில் இன்னும் அந்தப் பழைய குரல்தான் வருகிறது. எத்தனை நிமிடம் மிச்சம் என்று காட்டினால் இந்த மனிதர் செயலி மாறுவார்?

அனுபவத்தால் உண்மை தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரியாது, அதுதான் இந்த விவகாரத்தின் சூட்சுமம். ஒரு வழியில் போனவருக்கு மற்ற வழியில் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று ஒருபோதும் தெரியப்போவதில்லை. போகாத வழிக்குக் கடிகாரம் இல்லை. சீக்கிரம் வந்தால் செயலிக்குப் பெருமை. தாமதமானால் 'அந்தப் பக்கம் போயிருந்தா இன்னும் லேட்டாயிருக்கும்' என்று மனமே சமாதானம் சொல்லிவிடும். உறுதியாகச் சோதிக்க ஒரே வழி, இரண்டு கார் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும். ஒரு முறை அண்ணனும் மச்சானும் ஈப்போவிலிருந்து அப்படிப் புறப்பட்டார்கள். மச்சான் நெடுஞ்சாலையில் பீடோர் வந்து திரும்பினார். அண்ணன் பாரிட், கம்போங் காஜா பக்கமாக ஆற்றோரம் வந்தார். அறிவியல் பீடோரில் தோற்றது. அக்கா கொய்யாப்பழம் வாங்க இறங்கிவிட்டாள்.

நேரக் கணிப்பில் இன்று செயலிகள் உண்மையில் கெட்டிக்காரர்கள். 97 சதவீதத்துக்கும் மேலான பயணங்களில் தன் கணிப்பு சரியாக இருப்பதாக 2020இல் கூகுள் சொன்னது. மிச்சம் 3தான் நம் நினைவில் இருக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டீட்வோர்ஸ்ட், சிம்மன்ஸ், மாசி ஆகிய மூவர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகப் பிடித்தது. ஒரு கணக்குமுறை பிழை செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டால், அது மனிதரைவிட நன்றாகக் கணிக்கிறது என்று தெரிந்த பிறகும் மக்கள் அதைக் கைவிடுகிறார்கள். அதே பிழையை மனிதர் செய்தால் மன்னித்துவிடுகிறார்கள். எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. ஒரு மழைநாள் இரவு, ஒரு செயலி (எது என்று சொல்லமாட்டேன், கட்சிக்காரர்கள் பத்திரிகையைக் கிழித்துவிடுவார்கள்) என்னை ஒரு தோட்டத்துக்குள் கூட்டிப்போய்ப் பாலம் இல்லாத ஒரு கானின் கரையில் நிறுத்தி, 'நேராகச் செல்லவும்' என்றது. அதற்கு முன் நூறு முறை அது என்னைச் சரியாகக் கொண்டுசேர்த்திருக்கிறது. அந்த நூறில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. மறுநாளே கட்சி மாறினேன்.

நம் தலைக்குள்ளும் ஒரு வழிகாட்டி இருக்கிறது, அதற்கும் ஓரவஞ்சனை உண்டு. டாட் புரூனியே குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சமதூரமான இரண்டு வழிகளில் மக்கள் தெற்குப் பக்கமாகப் போவதை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். படத்தில் வடக்கு மேலே இருப்பதால், வடக்கே போவது மேடேறுவதுபோல் மனதுக்குத் தோன்றுகிறதாம். 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்க நகரங்களில் நடந்த தடங்களை வைத்து 2021இல் எம்ஐடி ஆய்வாளர்கள் கண்டது, நாம் குறுகிய வழியைவிட, போகுமிடத்தை நோக்கி நேராக 'முகம் காட்டும்' வழியை விரும்புகிறோம் என்பது. அதனால்தான் செயலி முதலில் எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னால் 'பைத்தியமா இதுக்கு?' என்கிறோம். பாலம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பது அதற்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

அப்பாவுக்குத் தெரியும். லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். எலினோர் மக்வயர் 2000இல் வெளியிட்ட மூளைப் படங்களில், இட நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. லண்டனிலேயே 2017இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், தாமாக வழி தேடியவர்களின் ஹிப்போகாம்பஸ் புதுத் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் துடித்தெழுந்தது. கருவி சொன்னபடி போனவர்களிடம் அந்தத் துடிப்பைக் காணோம். அப்பாவின் மூளையை யாரும் படம் எடுத்ததில்லை. ஆனால் அவர் வழி சொல்வதைக் கேட்டால் ஊகிக்கலாம். "மூணாங்கட்டை தாண்டு. பழைய பால் ஸ்டோர் வரும். கிராணி வீட்டுப் பக்கம் திரும்பாதே. ஆயாக்கொட்டகைக்கு எதிர்ச் சந்து." இவற்றில் மைல்கல் இப்போது இல்லை, பால் ஸ்டோர் இல்லை, கிராணி வீடு இடிந்து 20 வருடம் ஆகிறது. அவர் சொல்லும் வழி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஊரின் சாய்ந்த கோபுரமும் ஒரு காலத்தில் வழிகாட்டிதான். 1885இல் லியோங் சூன் சோங் கட்டியது, 25.5 மீட்டர். வெளியே எட்டு மாடி தெரியும், உள்ளே மூன்றுதான். மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே இளகிய மண், அதனால் சாய்வு. ஆற்றில் வரும் கப்பல்களுக்கு அது அடையாளமாக இருந்தது. அந்த உயரத்தில் நின்றால் சமதரையில் தொடுவானம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். அதற்குச் சந்தா வேண்டாம், மின்கலம் வேண்டாம், யாருக்கும் தனி வழி சொல்லாது. 'நான் இங்கே இருக்கிறேன், மிச்சத்தை நீ பார்த்துக்கொள்' என்று நிற்கும்.

மூணாங்கட்டை என்று இரண்டு செயலியிலும் தட்டிப் பார்த்தேன். வரவில்லை. நாங்கள் பிறந்த தோட்டத்துக்கு மூன்று பெயர்: வெள்ளைக்காரக் கம்பெனி வைத்தது ஒன்று, லயத்துச் சனம் கூப்பிட்டது ஒன்று, மரத்தை வெட்டி வீடு கட்டிய பிறகு வந்த 'தாமான்' ஒன்று. படத்தில் மூன்றாவது மட்டும் இருக்கிறது. இயந்திரத்தின் குற்றம் என்று இதைச் சொல்ல முடியாது. சாட்சிகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள், சொல்ல ஆளில்லை. செம்பனைக்குள் இன்னும் நிற்கும் முனியாண்டி கோயிலையாவது சேர்ப்போம் என்று ஒரு செயலியில் 'விடுபட்ட இடம்' என்பதைத் தொட்டு, தமிழில் பெயர் எழுதி, சிவப்புப் புள்ளியை வைத்தேன். அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் காட்டினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். வானிலிருந்து எடுத்த படத்தில் செம்பனைத் தலைகள் வரிசை வரிசையாகப் பச்சை நட்சத்திரங்களாக நின்றன. எனக்கு எல்லா வரிசையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

"பேரு சரி. கோயில் இங்க இல்ல," என்றார். "கானுக்கு அந்தாண்ட."

ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்தார். முதலில் படம் முழுவதும் நகர்ந்து ஆற்றுக்குள் போய்விட்டது. திரும்பக் கொண்டுவந்து கொடுத்தேன். இந்த முறை புள்ளியை மட்டும் பிடித்து, மெதுவாக, நாற்பது மீட்டர் கிழக்கே இழுத்துவைத்தார்.